எட்டாவது பூ

தயீசியா சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் 'நறுக்'கென்று சத்தம் கேட்டுவிட்டது. கிளாவ்தியா அத்தை ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் ஜன்னலோர ஜெரேனியத்தின் சிவப்புப் பூங்கொத்துமாக நின்றாள்.

"ஏழுதான்டி இருக்கு," என்றாள் அத்தை, தயீசியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு.

மேல்வீட்டுக்காரி சந்தையிலிருந்து வாங்கி வந்த எட்டு கார்னேஷன்களில் ஒன்று டிராம் நெரிசலில் ஒடிந்து போயிருந்தது. ஒற்றைப்படையில் பூக் கொடுப்பது பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும். செத்தவருக்கு இரட்டைப்படைதான். தம்பியின் சவப்பெட்டிக்குள் ஏழு பூ போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அத்தைக்கு மனசு வரவில்லை. கண்ணெதிரே ஒரு பூ இருந்தது, வெட்டிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆனால் அது தொடக் கூடாத செடி. அதன் தண்டில் முடி போன்ற இரண்டு கம்பிகள் செருகியிருந்தன. பூவுக்கு எதிர்ப்பக்கத்தில், அடியில் இருந்த ஓர் இலையைச் சின்னக் கவ்வி ஒன்று பிடித்திருந்தது. மேலே ஒரு வெள்ளை விளக்கு. நவம்பர் மாதத்து நீஷ்னி நோவ்கரோதில் பகலை நம்பிச் செடி வளர்க்க முடியாது.

தயீசியாவின் அப்பா கென்னதி பாவ்லவிச் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. செடிகளுக்குள் ஓடும் மின்சாரத்தை அளக்கும் பல்கலைக்கழக ஆய்வகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கண்ணாடிக் குழாயைச் சூடுகாட்டி, செடியில் குத்தி அளக்கும் ஊசியாக இழுத்துக் கொடுத்தவர். படுத்த படுக்கையான பிறகும் சும்மா இருக்கவில்லை. ஒரு பழைய கருவியைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். மூன்று நாள் செடியை யாரும் தொடக் கூடாது. நான்காம் நாள் ஆய்வகத் தலைவி இன்னா மார்கவ்னா வந்து ஓர் இலை நுனியை நெருப்பால் சுடுவார், என்ன ஆகிறதென்று எல்லோரும் பார்ப்பார்கள். அந்த நான்காம் நாள்தான் இன்று. அப்பாவோ இரண்டாம் நாள் விடியற்காலையிலேயே போய்விட்டார்.

தயீசியா கசானிலிருந்து ரயிலேறி வந்தது செடி பார்க்க அல்ல. அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் அம்மா இறந்த அன்று, அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார், இருட்டிய பிறகுதான் வந்தார். அன்றைக்கும் என்ன அப்பா அளந்தீர்கள்? அதன்பின் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. இந்த முறை கேட்டே விடுவதென்று வந்தாள். அவரோ செடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும், நாளைக்குக் கேட்போம் என்றிருந்தாள். அந்த நாளை வரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

இப்போது செடியையும் காப்பாற்றவில்லை. கருவியின் திரை மேல் கிடந்த போர்வையை இழுத்தாள்.

"மூடுடி அதை," என்றாள் அத்தை. வீட்டிலிருந்த கண்ணாடிகளோடு அதற்கும் சேர்த்துப் போர்த்தியவள் அவள்தான். "பளபளன்னு இருக்கு. அவன் உசுரு போற வழி தெரியாம அதுல மாட்டிக்கும்."

"அவர் முப்பத்தெட்டு வருஷமா அதுலதான் அத்தை மாட்டிக்கிட்டிருந்தார்."

திரையில் இரண்டு கோடுகள். மேல்கோடு, கத்தரி பட்ட நேரத்தில், குத்தாக எகிறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது தண்டில் ஓடிய மின்சாரம். கீழ்க்கோடு அந்த அடியிலை நடத்தும் ஒளிச்சேர்க்கை. அது மேசைபோல் நேராகக் கிடந்தது. தயீசியாவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்க்கோடும் சரிய ஆரம்பித்தது.

அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒரு இடத்துல அடிபட்டா, தூரத்து இலைக்குச் சேதி போயிடுதும்மா. அதுவும் சமைக்கறதை நிறுத்திடுது. அதை நாம தொடவே இல்லை, பாரேன்."

அப்புறம் என்று கேட்டிருந்தாள், பேச்சுக்கு.

"மறுபடி ஆரம்பிக்கும். எவ்வளவு நேரத்துல, அதான் கேள்வி."

அழைப்பு மணி அடித்தது. இன்னா மார்கவ்னா ஆறு வெள்ளைச் சாமந்தியோடு நின்றார். தயீசியா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் திரைமுன் போய் உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்கு வெட்டினீங்க?" என்று அத்தையிடம் கேட்டார், வைத்தியர் நோயாளியின் வீட்டாரைக் கேட்பதுபோல்.

பத்தே கால் இருக்கும் என்றாள் அத்தை. திரையில் பத்து பதினேழு என்றிருந்தது.

"நெருப்பு வைக்க வேண்டியது, கத்தரி வெச்சாச்சு. செடிக்கு ரெண்டும் அடிதான். பாப்போம்."

மூன்று பெண்களும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோடு இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, அங்கேயே கிடந்தது. அடுப்பில் போட்ட பிளினி அப்பம் தீய்கிற வாசனை வந்தது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாகத் திரும்பி வந்தாள். "ஏறிச்சா?" என்றாள். ஏறவில்லை.

அப்போதுதான் தயீசியா கேட்டாள். அம்மா இறந்த அன்று அப்பா என்ன அளந்தார் என்று இன்னா மார்கவ்னாவிடம் கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "அளக்கலையே. ஒரு செடிக்குக் கம்பியெல்லாம் மாட்டினார். விளக்கைப் போடலை. நான் போடட்டுமான்னு கேட்டேன். இப்ப வேண்டாம்னார்."

"அப்புறம்?"

"சாயங்காலம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தார். விளக்கில்லாம இலை சமைக்காது, அதுல அளக்க என்ன இருக்கு?"

தயீசியா திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை அவள் முதுகில் கையை வைத்தாள்.

"ஏறுது," என்றாள் அத்தை, மெதுவாக.

ஏறத்தான் செய்தது. ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கோடு பழைய இடத்துக்கு வந்து நின்றது. நாற்பத்திரண்டு நிமிஷம். இன்னா மார்கவ்னா அப்பாவின் நோட்டைத் திறந்து பேனாவோடு அவளிடம் நீட்டினார். தயீசியா எழுதினாள். அப்பாவின் எழுத்துக்குக் கீழே அவள் எழுத்து கோணலாக விழுந்தது.

கீழே, பிணவறையிலிருந்து அப்பாவின் பெட்டியை ஏற்றிக்கொண்டு பிணவண்டி வந்து ஹாரன் அடித்தது. அத்தை திரையை மறுபடி போர்த்தி, பூக்களை இன்னொரு முறை எண்ணி, ஆளில்லாத வீட்டில் செடிக்கு விளக்கெதற்கு என்று ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் அத்தை," என்றாள் தயீசியா.

முற்றத்தில் பனி தூறிக்கொண்டிருந்தது. ஏழு கார்னேஷனும் ஒரு ஜெரேனியமும் கையிலிருக்க, வண்டியில் ஏறுமுன் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மங்கலான பகலில், மூன்றாம் மாடி ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.