மஞ்சள் கோடு

அந்தக் கார் ஸ்டாண்டின்மேல் நின்றது ஒன்பது நாளா பதினொரு நாளா என்று யாராவது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நடுவில் ஒருநாள் மழை பெய்ததாக எனக்கு நினைவு. மாமா பெய்யவே இல்லை என்பார். இதில் என் நினைவு என்னை ஏமாற்றுகிறது என்றால் மற்றதிலும் ஏமாற்றலாம். ஆகவே யார் கை எதைச் செய்தது என்பதை மட்டும் சொல்லப் பார்க்கிறேன்.

மாமா என் அக்காவின் கணவர். பட்டறையில் அவர் மேஸ்திரி, நான் பெயிண்டர். என்னை அங்கே சேர்த்துவிட்டவரே அவர்தான். கார் ஒரு பல் டாக்டருடையது. ஐம்பது வருஷத்துக்கு முந்தியது. முன்சக்கரங்கள் இரண்டும் ஆடின. ஸ்டீரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. பழைய கார்களின் அணிவகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது. அதற்குள் முன்பக்கத்து ஸ்பிரிங், ரப்பர் புஷ், ஸ்டீரிங் கம்பி முனைகள் எல்லாவற்றையும் மாற்றித் தர வேண்டும்.

பழைய கம்பி முனைகள் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தன. மாமா அடியில் படுத்துக்கொண்டு, ஒரு சுத்தியலை ஒரு பக்கம் அணைத்துப் பிடித்து மறுபக்கம் இன்னொன்றால் அடித்தார். அடித்துவிட்டு நிறுத்தி, காது கொடுத்துக் கேட்பார். பிறகு மறுபடியும் ஒரு அடி. ஒரு காலைப்பொழுது முழுவதும் அந்தச் சத்தம்தான். டாக்டர் பொறுக்க முடியாமல் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். இதுவும் உங்க வேலை மாதிரிதான். ஆடுறதைப் பிடுங்கணும், ஈறு கிழியக் கூடாது."

டாக்டர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்திருந்தார்.

புது முனைகள் வந்தபோது இரண்டுமே வலப்பக்கம் திருகும் வலது மரையாக இருந்தன. கம்பியின் ஒரு தலைக்கு வலது மரையும் மறுதலைக்கு இடது மரையும் வேண்டும். மாமா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பெட்டியிலேயே போட்டு மூடினார். ரெண்டும் ஒரே பக்கம்னா வண்டி ஒரே பக்கமாத்தான் போகுமோ என்று முதலாளி டாக்டர் காதில் விழும்படி கேட்டார். எந்த முனை வேண்டும் என்று கடைக்கு எழுதி அனுப்பியதே முதலாளிதான். அந்தச் சீட்டின் நகல் மேஜையில் கிடந்தது. மாமா அதைப் பார்த்தார், எடுத்துக் காட்டவில்லை. மாற்று முனை வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் கார் முன்கால் இல்லாத மிருகம் போல நின்றது. தினமும் டாக்டர் போன் செய்தார். மேஸ்திரிக்கு வயசாயிடுச்சு, கை முன்ன மாதிரி ஓடலை என்று முதலாளி பதில் சொன்னார்.

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. அதை எழுதி மாட்டியவர் முதலாளி. கடைசி முறுக்கு முடிந்ததும் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இல்லாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. பெயிண்ட் டப்பா என் அலமாரியில் இருக்கும்.

சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது, கடைசி முறுக்கைத் தவிர. ரப்பர் புஷ் உள்ள நட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது முறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழியும். மாமா எல்லா நட்டையும் கையால் பூட்டி, வண்டியை இறக்கி, முன்மூக்கை இரண்டு கையாலும் நாலைந்து முறை அமுக்கிவிட்டார். பிறகு முதலாளியிடம் போனார்.

"இப்ப கையாலதான் பூட்டியிருக்கு. புது ஸ்பிரிங், ராத்திரி உக்காரட்டும். காலையில எட்டு மணிக்கு வந்து முறுக்கி மஞ்சள் வெச்சிடறேன். அதுவரைக்கும் சாவிய யாருக்கும் குடுக்காதீங்க."

முதலாளி போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். அவர் காதில் விழுந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

மறுநாள் நாங்கள் போனபோது மணி எட்டு ஆகவில்லை. கார் நின்ற இடம் காலியாக இருந்தது. டாக்டர் ஏழு மணிக்கே வந்துவிட்டாராம். நல்லாத்தானே கிளம்பிச்சு என்றார் முதலாளி. மாமா டாக்டரின் எண்ணை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார், நல்ல பழக்கம் என்று முணுமுணுத்தார். பிறகு நீள ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என் பைக்கின் பின்னால் ஏறினார்.

அணிவகுப்பு நடந்த சாலையின் வாயிலில் கயிறு கட்டியிருந்தது. அங்கே நின்றவன் பாஸ் கேட்டான். ஒரு வண்டியை நிறுத்த வேண்டும் என்று மாமா சொன்னார். எல்லா வண்டியும் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் நிறுத்த முடியாது என்றான் அவன். மாமாவின் கிரீஸ் படிந்த சட்டையையும் ஸ்பேனரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு நிமிஷம் தம்பி. நாலு நட்டு முறுக்கணும், அவ்வளவுதான்."

"பாஸ் வாங்கிட்டு வாங்க பெரியவரே. எனக்கு மேல ஆள் இருக்காங்க."

பாஸ் எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டேன். கயிற்றுக்கு உள்ளே இருக்கும் மேஜையில் என்றான். அதற்குள் போகவும் பாஸ் வேண்டும். அவன் சொன்னதில் இருந்த கோளாறு அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாமா கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். அவன் அவர் சட்டையைப் பிடித்தான். அப்போதுதான் சாலைச் சரிவு முடியும் வளைவிலிருந்து சத்தம் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, இரும்புக் கதவை யாரோ அறைந்து சாத்தியது போல.

இடது சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. கார் ஒரு பள்ளிக்கூடத்தின் சுவரில் முட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே யாரும் இல்லை. டாக்டருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

மதியம் காரைக் கட்டியிழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. முதலாளி மாமாவை அழைத்து, ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், நம்ம பக்கத்துல ஒருத்தர் போனாத்தான் மரியாதை என்றார். மாமா கை கழுவிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்குத் தெளிவில்லாத ஒன்று இருக்கிறது. கழலாமல் மிஞ்சியிருந்த நட்டுகளை முதலாளி தானே ஸ்பேனர் பிடித்து முறுக்கினார். பிறகு வெளியே வந்து என் அலமாரியைப் பார்த்தார். பெயிண்டைக் கேட்டாரா, கேட்கும் முன்பே நான் டப்பாவை எடுத்துவிட்டேனா என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. "உனக்கும் குடும்பம் இருக்குல்ல பெயிண்டர்" என்று அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அது முன்னால் சொன்னதா பின்னால் சொன்னதா? அவர் விளக்கைப் பிடித்தார். நான் அடியில் படுத்து ஒவ்வொரு நட்டிலும் கோடு இழுத்தேன். நட்டு கழன்று விழுந்துபோன போல்ட்டின் முனையிலும் ஒரு பொட்டு வைத்தேன். அவர் தூரிகையைத் தொடவே இல்லை.

இன்சூரன்ஸ் ஆள் திங்கள்கிழமை காலையில் டார்ச்சோடு வந்தார். அமைதியான மனிதர். பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்ததாக அடையாளம் இருக்கிறதே, முறுக்கியது யார் என்று கேட்டார். மேஸ்திரிதான், அவர் கோடு வெச்சா நான் சாவியைக் குடுப்பேன், அதான் இங்க சட்டம் என்றார் முதலாளி.

மாமா காருக்கு அடியில் போய்ப் படுத்தார். நெடுநேரம் வெளியே வரவில்லை. அவருடைய கோடு எப்போதும் சாய்வாக, அவசரமாக, பாதியில் வழிந்து இருக்கும். என் கோடு வழியாது. முப்பது வருஷமாக வண்டிகளுக்கு வரிக்கோடு இழுத்த கை. அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன, அசையாமல்.

எழுந்து வந்து, கழிவுத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"இதை வெச்சது நான் இல்ல."

"அப்ப வேற யார்?"

காற்றடிக்கும் மிஷின் ஓடி நின்றது. மாமா என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் அவர் பார்ப்பது தெரிந்தது. இன்சூரன்ஸ் ஆள் பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்தபடி காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நான் வாயைத் திறக்கப் போதுமான நேரம்.

"ஞாபகம் இல்ல சார்," என்றார் மாமா. "நானாத்தான் இருக்கும்."

டாக்டரின் தோள் இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. காரை வேறு பட்டறையில் சரிசெய்தார், நிறம் மட்டும் என்னிடம் அடித்துக்கொண்டார். அடுத்த அணிவகுப்பில் அதற்குப் பரிசு கிடைத்தது. முதலாளி பக்கத்து இடத்தையும் வாங்கிப் பட்டறையைப் பெரிதாக்கினார். நான் அங்கேதான் இருக்கிறேன். மாமாவை அன்றைக்கே நிறுத்தினார்கள். மற்ற பட்டறைகளிலும் சேதி பரவிவிட்டதால் யாரும் சேர்க்கவில்லை. இப்போது ஒரு கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, வந்துபோகும் லாரிகளின் எண்களை நோட்டில் எழுதுகிறார்.

அக்காவிடம் அவர் எதையும் சொல்லவில்லை. போன வாரம் நான் சாப்பிடப் போயிருந்தபோதுகூட அவள் என் எதிரிலேயே அவரைத் திட்டினாள். நாலு நட்டை ஒழுங்காக முறுக்கத் துப்பில்லாமல் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தவர், இவனைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா, ஒரே இடத்தில் எத்தனை வருஷமாகப் பேர் கெடாமல் இருக்கிறான் என்றாள். மாமா தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சுவிட நிறுத்தியபோது, எனக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.