எல்லைக்கல்லுக்குச் சூடம்

1

ஒரு பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஒரு பெண்மணி பழைய ஃபர்லாங் கல்லுக்குச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். அது வெறும் தூரக்கல் என்று சொல்ல நினைத்தேன். கூச்சம், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் அது உறுத்தியது. அந்த உறுத்தல்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: பனிக்குள் மலை தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல…

வேண்டாம். மலையில் தொடங்கினால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது: கவிநிலா வேதியியல் பட்டதாரி. பழைய கற்களைப் பட்டியலிடும் ஒரு திட்டத்தில் ஆறு மாத வேலை. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுக்க வேண்டும். பிறகு ஒரு படிவம். அதன் கடைசிக் கேள்வி: பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாமா? ஆம் என்றால் சுற்றி வேலி, ஒரு பலகை. இல்லை என்றால் சாலையை அகலப்படுத்தும்போது கல் போய்விடும்.

3

கிரிவலப் பாதையில் நட்டுவைத்த எந்தக் கல்லும் சும்மா நிற்க முடியாது. ஒருவர் பொட்டு வைப்பார். அடுத்தவர் மஞ்சள் துணி கட்டுவார். அடி அண்ணாமலையில் நான் நட்ட இந்தக் கல்லுக்கும் அப்படித்தான். (தேடிப் போகாதீர்கள். இது கற்பனைக் கல்.) அதன் பக்கத்தில் பூ விற்கிறாள் கன்னியம்மாள், கவிநிலாவின் அம்மா. இருபது வருஷமாக அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குகிறாள்.

"மெதுவா தேய்டி. சாமிக்கு வலிக்கப் போவுது."

"சாமி இல்லம்மா, கல்லு."

"கல்லா? நீ கெமிஸ்ட்ரில பாஸானது யாராலன்னு நெனச்சே?"

"நான்தான் படிச்சேன்."

"நீ படிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?"

எண்ணெய்ப் பிசுக்கு கரைந்து ஓடியது. காகிதம் மேகம்போல் கல்மேல் படிந்தது. மை ஒற்ற ஒற்ற, கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை எழுத்துகள் நீரிலிருந்து எழுவதுபோல ஒவ்வொன்றாக வந்தன. கவிநிலா ஏதோ கனவில் படிப்பவள்போல மனசுக்குள் படித்தாள். இன்ன தெருக்காரர்கள் இந்தக் கல்லைத் தாண்டி வரக் கூடாது, வந்தால் தண்டனை.

அது அவளும் அம்மாவும் குடியிருக்கும் தெரு.

(குறிப்பு: தெருப் பெயரை மூன்று முறை எழுதி அடித்தேன். எழுதினால் மறுபடியும் கல்லில் வெட்டுவதுபோல இருக்கிறது.)

4

சற்றுத் தள்ளிப் போய், திட்ட மேற்பார்வையாளர் வல்லரசுவுக்கு போன் செய்தாள்.

"எழுத்து தெரியுதா? அப்ப ஆம்னு போடும்மா. பழசுன்னாலே பெருமைதான்."

"என்ன எழுதியிருக்குதுன்னு கேளுங்க சார்."

முழுவதும் கேட்டார்.

"பலகையில அதெல்லாம் வேணாம்மா. வருஷம் மட்டும் போடலாம்."

இந்த இடத்தில் கவிநிலாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. அவளுக்குக் குழப்பம்தான். கல் போனால், இப்படி ஒரு தடை இருந்ததற்குச் சாட்சி போய்விடும். வெறும் வருஷத்தோடு நின்றால், தடைக்கே மரியாதை. இல்லை என்று எழுதினால் அம்மாவின் சாமி…

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.

5

முடிவு ஒன்று: "சாமி பேருதாம்மா" என்று பொய் சொல்கிறாள். அம்மா இன்னொரு சூடம் ஏற்றுகிறாள்.

முடிவு இரண்டு: அம்மா மஞ்சள் துணியை உருவி எறிகிறாள். (கன்னியம்மாள் இதற்குச் சம்மதிக்கவில்லை.)

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அம்மாவே கேட்டுவிட்டாள்.

"என்னடி போட்டிருக்குது?"

கவிநிலா ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினாள். கன்னியம்மாள் கல்லைப் பார்த்தாள். பிறகு தன் கூடையை. அது கல்லுக்கு அந்தப் பக்கம், பத்தடி உள்ளே இருந்தது.

"அப்ப இத்தினி வருஷமா தாண்டித்தான் ஒக்காந்திருக்கேனா?"

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"வேலி போட்டா நான் எப்படிப் பொட்டு வெக்கிறது?"

"வெளியே நின்னுதாம்மா பாக்கணும்."

"மறுபடியுமா?"

படிவம் கவிநிலாவின் மடியில் இருக்கிறது. கடைசிக் கட்டம் காலி. அவளுக்காக நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதலாம். எழுதினால், அந்த அம்மா கேட்டதற்கும் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.