பனிமலைப் பதிவர்களின் பொன்னாடை

ஹட்டன் நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் பனிமலைப் பதிவர் வட்டத்தின் மாதக் கூட்டம். வட்டம் என்றால் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் வலைப்பூ உண்டு. ஒருவர் எழுதினால் மற்ற எட்டுப் பேரும் 'அருமை' என்று பின்னூட்டம் போடுவார்கள். பத்தாவதாக யாராவது தவறிப்போய் வாசித்துவிட்டால் அவரையும் உறுப்பினராக்கப் படிவத்தோடு துரத்துவார்கள். வட்டத்தின் அசையும் சொத்து ஒரேயொரு பொன்னாடை. மாதத்தின் சிறந்த பதிவருக்கு அதைப் போர்த்திப் படம் எடுத்ததும் செயலாளர் சர்மிளா மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிடுவாள். பதிவில் வருகிற ஆள்தான் போர்த்த வேண்டும் என்பது விதி. போன மாதம் தலைவர் பழனியாண்டி தன் பசுமாட்டைப் பற்றி எழுதியிருந்ததால், மாட்டின் சார்பில் அவர் மனைவி மேடையேறினார்.

இந்த மாதம் போர்த்த வந்தவன் அழகன். மஸ்கெலியாவில் ஆட்டோ ஓட்டுகிறவன். முன் வரிசையில், இடது காது மேடைப் பக்கம் இருக்கும்படி சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தான். வலது காதுக்குள் பதினேழு வருடங்களாக ஒரே சுருதி, நிற்காத 'ங்ங்' என்ற ஊளை. வெளியிலிருந்து வேறெதுவும் அதற்குள் போவதில்லை.

மேடையில் பள்ளிக்கூட உப அதிபர் ஜீவராஜ் 'கம்பஸ் கானங்கள்' தொடரின் பதினான்காம் பாகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக விடுதியில் அவர் இடக்கையால் கிட்டார் மீட்டிய காலம். அதில் நான்கு நரம்புதான் இருந்தது என்பதைத் தொடர் இதுவரை சொல்லவில்லை.

"ஜூனியர் அழகன் கண்ணீர் மல்கப் பாடுவான். இசை அவனை அப்படி உருக்கிவிடும்…"

உருக்கியது இசை இல்லை. விடுதிக் குளியலறையில் நடு ஜாமத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அதன் கீழே முட்டி போட வைத்துப் பாடச் சொல்வார்கள். தாளம் போட ஜீவராஜுக்கு ஒரு கன்னம் தேவைப்பட்டது. பிசகினால் ஓர் அறை. பிசகாவிட்டால், 'பெரிய பாடகரோ' என்று இரண்டு. ஒருநாள் அந்த இடக்கை காதோடு சேர்த்து இறங்கியது. காலையில் தலையணை முழுக்க இரத்தம். மூன்றாம் மாதமே அழகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டான். கேட்டவர்களுக்குப் படிப்பு ஏறவில்லை என்று மட்டும் சொன்னான். காதைப் பற்றி மனைவி நாகலெட்சுமியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

"வீட்டு ஞாபகம் தாங்காமல், அம்மாவின் மடி தேடிப் படிப்பையே விட்டு ஓடினான் அந்தக் குழந்தை!"

கைதட்டல். இந்த ஒரு வரிதான். பதிவு வந்த நாள் முதல் ஆட்டோவில் ஏறுகிறவனெல்லாம், "என்னா அழகா, அம்மா மடி தேடி ஓடியாந்தியாமே" என்று சிரிக்கிறான். நாகலெட்சுமி, "இதுக்குத்தான் படிப்ப விட்டுட்டு வந்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை, அதுதான் பொறுக்கவில்லை. அழகன் ஜீவராஜுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சினான்.

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்கண்ணே."

"டேய், அதுதான்டா பதிவோட உசுரு! அடுத்த மாசம் புஸ்தகமா வருது. நீயே வந்து பொன்னாடை போர்த்து, என்ன?"

இதோ வந்திருக்கிறான். சர்மிளா ஃபோனைத் தூக்கி நேரலையைத் தொடங்கினாள். அழகன் பொன்னாடையைப் போர்த்தினான். போர்த்தியவன் முனைகளை விடவில்லை. கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இடக்கையில் முறுக்கிக்கொண்டான்.

"எடுக்குறேன்னு சொல்லுங்கண்ணே."

"தம்பிக்கு இன்னும் அந்தக் குறும்பு போகல," என்றார் ஜீவராஜ், கேமராவைப் பார்த்து.

"அப்ப பாடுங்க. குழாயடியில நான் பாடுன அதே பாட்டு. பிசகுனா அறை. ஒங்க சட்டந்தான்."

சபை ஆரவாரித்தது. பழைய நினைவை நடித்துக் காட்டுகிறார்களாம். முறுக்கு இறுகியது. ஜீவராஜ் கம்மிய குரலில் முதல் அடியைத் தொட்டார். பிசகியது.

மைக் அந்த அறையை நன்றாக வாங்கிக் கொடுத்தது. கைதட்டினார்கள். இரண்டாவதில் மூக்குக் கண்ணாடி பறந்தது. மூன்றாவதில் இடது கடைவாய் கிழிந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் கொட்டியது. பழனியாண்டி மட்டும், "தத்ரூபம்!" என்றார்.

"ஐயோ, நடிப்பில்லங்க இது!" சர்மிளா கத்தினாள். நேரலையை நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை. தலைவர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அழகனின் முழங்கை அவர் நெஞ்சில் இறங்கியது, நாற்காலியோடு சரிந்தார்.

"கன்னம் போதும். இப்ப காதுக்கு," என்று அழகன் கையை ஓங்கினான்.

முறுக்கில் இழுபட்டு முட்டி போட்டுக் கிடந்த ஜீவராஜ் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். மூன்று அறையும் விழுந்தது இடப்பக்கம். இரத்தம் வழிவதும் இடப்பக்கம். அவர் பொத்தியது வலது காதை.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"எந்தக் காதுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லியேண்ணே."

ஜீவராஜ் முட்டியாலேயே பின்னால் நகரப் பார்த்தார். அவர் கால் பட்டு மைக் ஒலிபெருக்கியின் காலடியில் உருண்டு 'ங்ங்' என்று ஊளையிட்டது. மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. சர்மிளா தோளைத் தூக்கி ஒரு காதை அடைத்தாள். அவள் கையிலிருந்த ஃபோனில் சிவப்பு இதயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. பதினேழு வருடங்களாக அந்தச் சுருதியைக் கேட்டுப் பழகிய அழகன் மட்டும், ஒரு கையில் பொன்னாடை, மறு கை ஓங்கியபடியே, காதைப் பொத்தாமல் நின்றான்.