கொக்கி மாட்டிய நாய்கள்

"கயிற்றைப் பிடிம்மா, பிடிம்மான்னு எத்தனை தடவை..."

"பிடிச்சதாலதான்யா வளருது! நான் பிடிக்காம விட்டப்ப..."

"...சொல்றது? இது நாயா, கன்னுக்குட்டியா? வாசலையே அடைச்சுக்கிட்டு..."

"...யார் காலையாவது தொட்டுதா? நீ அதைப் பார்த்து நடுங்காம போயிருந்தா முழங்கால் உயரத்துலயே நின்னிருக்கும்."

"நான் நடுங்கினேனா? முப்பது வருஷம் டிராம் ஓட்டினவன்மா நான்!"

"டிராமுக்குத் தண்டவாளம் இருந்துச்சு."

கன்றுக்குட்டி என்று அண்டைவீட்டு நிஸ்டோர் சொன்னது கோபத்தில் கூட்டிச் சொன்னதல்ல, குறைத்துச் சொன்னது. ஆறாம் எண் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்த வெத்தூரியாவின் நாய் முகூர், கழுத்தில் கயிறு இல்லாதபோது அவளுடைய இறந்துபோன கணவனின் கம்பளிச் செருப்புக்குள் சுருண்டு தூங்கும் அளவில் இருந்தது. கயிற்றின் கொக்கியை மாட்டிவிட்டால் படியிறங்க இறங்க வளர்ந்து, கீழ்வாசலுக்கு வரும்போது எருமை உயரம் ஆகிவிடும். லிஃப்டில் கொண்டுபோக முடியாது. அந்த வருஷம் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது, முகூரும் கயிற்றில் வளர்ந்தது. கடை வரிசையில் நின்றவர்கள் இரண்டையும் ஒரே குரலில் பேசிக்கொண்டார்கள்.

கயிறு அந்தக் குடியிருப்புக்குப் பழக்கமில்லாத பொருள். முன்பு ஆற்றங்கரையில் எல்லோருக்கும் முற்றம் வைத்த வீடு இருந்தது, முற்றத்துக்கு ஒரு நாய் இருந்தது. டான்யூப் பக்கம் புதுச் சாலை வர வேண்டும் என்று வீடுகளை இடித்தார்கள். மனிதர்களுக்கு அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள், நாய்களுக்கு ஒதுக்கவில்லை. கதவு போன இடத்தில் அவை கொஞ்ச நாள் காவல் இருந்துவிட்டு, வாசனை பிடித்துத் தங்கள் மனிதர்களைத் தேடி வந்து, அவரவர் படிக்கட்டின் கீழே படுத்துக்கொண்டன. பிறகு அவற்றின் குட்டிகள், குட்டிகளின் குட்டிகள். எந்த நாய் எந்தப் படிக்கட்டைச் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மிஞ்சிய சோளக்களியும் கோழிக்கழுத்தும் அந்தந்தப் படிக்கட்டு நாய்க்கு. முகூரும் அப்படிப் படிக்கு அடியில் பிறந்ததுதான். ஒரு குளிர்காலத்தில் வெத்தூரியாவின் பின்னாலேயே மாடியேறி வந்து செருப்புக்குள் நுழைந்தது, அவளும் வெளியே எடுக்கவில்லை. மகள் ஒத்தீலியா இத்தாலிக்கு வேலைக்குப் போன வருஷம் அது. பேச்சுக்கு ஆள் வேண்டியிருந்தது.

பிறகு சட்டம் வந்தது. அவிழ்ந்து திரியும் நாய்களை வண்டி வந்து அள்ளிப்போகும். யாரும் கேட்டு வராத நாய் திரும்பாது. கயிற்றில் இருக்கிற நாயைத் தொட மாட்டார்கள். ஒத்தீலியா தொரினோ நகரிலிருந்து சிவப்புக் கயிறு ஒன்று வாங்கி அனுப்பினாள். முதல் நாள் வெத்தூரியா அதை மாட்டிக்கொண்டு இறங்கியபோது எதிரே நிஸ்டோர் வந்தான். அவன் குடையை இறுக்கிப் பிடித்தான். அதைப் பார்த்த இவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். முகூர் ஒரு சாண் வளர்ந்து, அதுவரை யாரும் கேட்டிராத குரலில் குரைத்தது. மறுநாள் இரண்டு சாண்.

கால்நடை மருத்துவர் அவிழ்த்து வைத்துப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. மாட்டி வைத்துப் பார்த்தார், மேசை உடைந்தது. "நாய் நல்லாத்தான் இருக்கு. உங்க கையைக் காட்டுங்க," என்றார். கை கயிற்றை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

"அம்மா, கயிறு மாட்டாமலே கூட்டிட்டுப் போயேன்," என்றாள் மகள் போனில்.

"வண்டிக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்டி."

"அப்ப மாட்டிக்கிட்டே போ."

"மாட்டினா எருமைடி."

"நான் என்னதான் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. நீ சாப்பிட்டியா?"

நிஸ்டோர் சண்டைக்காரன் இல்லை. டிராமிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்த ஒரு சாயங்காலம் நாய்க்கூட்டம் ஒன்று அவனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி வைத்திருந்தது. கடிக்கவில்லை, நிறுத்தி மட்டும் வைத்திருந்தது. அதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் குடை வாங்கிக்கொண்டான். இப்போது வாசலில் எருமை உயரத்தில் ஒன்று நிற்கிறது, குடை போதாது. அவன் படிக்குக் கீழே போய், யாரைக் கண்டாலும் வாலாட்டும் கிழட்டு நாய் ஒன்றைத் தேர்ந்து, திரைச்சீலைக் கயிற்றால் கட்டி, அதற்குக் கர்னல் என்று பெயர் வைத்தான். ஒரே வாரத்தில் கர்னலின் முதுகு முதல் மாடி பால்கனியைத் தொட்டது.

"இது எதுக்குய்யா?"

"உன்னுது எதுக்கோ, அதுக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை காலை வண்டி வந்தது. லிண்டன் மரத்தடியில் அதை நிறுத்துவதற்குள் சேதி எல்லாப் படிக்கட்டிலும் ஏறிவிட்டது. ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் சேர்ந்து வராத ஆறாம் எண் கட்டடம் அன்றைக்கு ஒன்றாக இறங்கியது. குளியலங்கி நாடா, பெல்ட், துணி காயப்போடும் கொடி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு நாயைக் கட்டினார்கள். பாவம், காப்பாற்றத்தான் கட்டினார்கள். அதுவரை ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கிய நாய்கள் அத்தனையும், கயிற்றின் மறுமுனையில் பயந்த கை ஒன்று வந்ததும், ஒன்றையொன்று முறைத்தபடி வளரத் தொடங்கின. வண்டிக்காரர்கள் இறங்கி, அண்ணாந்து பார்த்து, "எல்லாத்துக்கும் ஆள் இருக்குப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த செவ்வாய் திரும்ப வந்தார்கள். அவர்களுக்கு அவசரமில்லை. யாராவது ஒருவர் என்றைக்காவது கைவிடுவார் என்று தெரியும்.

முற்றம் நிறைந்துபோனது. வாசல்களில் நாய் நுழையாது. நாயை விட்டுவிட்டு மனிதர் நுழைய முடியாது. கயிற்றை விட்டால் நாய் உடனே சிறுத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, முதலில் விடத்தான் பயந்தார்கள். இரண்டாம் மாடித் தையல்காரி லியூபா துணிந்தாள். "போதும், என் கை விட்டுப்போச்சு. நான் விடறேன், நீங்களும் விடுங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நாடாவைக் கீழே போட்டாள். அவளுடைய நாய் பிப்பெர் நொடியில் பூனையளவு ஆகி, வாலை ஆட்டிக்கொண்டு, பழைய சிநேகத்தில் கர்னலின் மூக்கை நக்கப் போனது. கர்னல் தலையை ஒருமுறை தாழ்த்தியது. பிப்பெரின் மிச்சம் என்று எதுவும் இருக்கவில்லை. நிஸ்டோர் கயிற்றை இழுத்துத்தான் பார்த்தான், இழுக்க இழுக்கக் கர்னல் இன்னும் பெரிதானது. லியூபா நாடாவை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கட்டடத்தில் அதன்பின் கட்டிலில் படுத்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் தூங்கினாளா என்று யாருக்கும் தெரியாது.

அவள்தான் மற்றவர்களுக்குச் சமைத்துப் பால்கனியிலிருந்து கூடையில் இறக்கினாள். ஒத்தீலியா பேசும்போது போனும் கூடையில் இறங்கியது. "உள்ள போம்மா," என்பாள் மகள். "நாய் நுழையாதுடி," என்பாள் தாய். குளிர்காலங்களில் பனி நாய்களின் முதுகில் விழுந்து உருகியது. மனிதர்கள் அவற்றின் வயிற்றோடு ஒண்டிக்கொண்டார்கள். தபால்காரர் கால்களுக்கு நடுவே குனிந்து வந்து போகப் பழகிக்கொண்டார். ஈஸ்டருக்குப் பாதிரியார் நீளக் குச்சியில் துளசிக்கொத்தைக் கட்டித் தீர்த்தம் தெளித்தார். குடியிருப்பில் வாடகை கொஞ்சம் இறங்கியது.

வெத்தூரியாவுக்கு முகூரின் முகம் மறந்துகொண்டு வந்தது. மேலே எங்கேயோ இருந்தது அது. அவளுக்கு எட்டியது விலாப்புறம் மட்டும். அதில் காதை வைத்தால் உள்ளே இதயம் இன்னும் செருப்புக்குள் இருந்தபோது துடித்த அதே சின்ன வேகத்தில் துடிப்பது கேட்டது. செருப்பு நான்காம் மாடி பால்கனியில் கிடந்தது, மழைத்தண்ணீர் நிரம்பி.

ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டி மரத்தடியில் வந்து நின்று, உள்ளே இருந்தவர்கள் சூரியகாந்தி விதை கொறிக்கத் தொடங்கிய நேரத்தில், நிஸ்டோர் கர்னலின் காலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். குடை எப்போதோ கம்பி கழன்று போயிருந்தது. தாடி வெளுத்திருந்தது. வெத்தூரியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். திரைச்சீலைக் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பேச வாயெடுக்கும்போதே அவன் அதை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தான். அவள் கையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

"வெத்தூரியா, நீயும் நானும் ஒரே நேரத்துல விட்டுட்டா என்ன?"