ஒலி அமைத்தவர்

குவான் பெய்லுங்குக்குத் தங்கக் காது என்று குவாங்சோ நகரத்துக் காய்ச்சல்காரர்கள் எல்லாரும் சத்தியம் செய்வார்கள். இயர்போன் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்த ஊரில் காய்ச்சல்காரர்கள் என்று பேர். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பேர்தான், அதில் பெருமை வேறு. ஒலியில் நல்லது கெட்டது தெரியாத ஆளை மரக்காது என்பார்கள். மரத்தில் முளைக்கிற கறுப்புக் காளானுக்கும் அதே பேர்தான், சந்தையில் கூறு கட்டி விற்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பெய்லுங் அந்தக் காளானை ஒரு கிள்ளு எடுத்துத் தன் மனைவி சுவேயினின் கிண்ணத்தில் போட்டு, "சாப்பிடு, உன் சொந்தக்காரங்கதான்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

சிரித்துவைக்கக் காசா பணமா? ஆனால் சங்கதி என்ன தெரியுமா? அவர்கள் கம்பெனி இதுவரை விற்ற இயர்போன் ஒவ்வொன்றுக்கும் ஒலி அமைத்தவள் அவள்தான். நாஞ்சிங் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் படித்தவள். பின்னறையில் உட்கார்ந்து, எள்ளளவு மின்தடையங்களை ஒன்று மாற்றி ஒன்று பற்றவைத்து, கேட்டு, பிடிக்காமல் கழற்றி, மறுபடி வைத்து, மறுபடி கேட்டு, அவளுடைய சனி ஞாயிறெல்லாம் அதிலேயே போயிற்று. முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்து, "இந்தப் பாட்டுக்காரி மூச்சை உள்ள இழுக்கிறது கேக்குதா? இதுக்காக நான் எத்தனை ராத்திரி தூங்கலை தெரியுமா!" என்று முழங்குவது பெய்லுங். அவன் விட்ட குறட்டை பின்னறைவரை கேட்டது என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்ல? வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்கிறது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இயர்போன் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரி அச்சிடுவார்கள்: ஒலி அமைத்தவர் இன்னார். காய்ச்சல்காரர்கள் பெட்டியை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான். இதுவரை வந்த மாடல்கள் எல்லாவற்றிலும் குவான் பெய்லுங் என்றே இருந்தது. புது மாடலைத் தொடங்கும்போது, "இதுலயாவது என் பேரைப் போடு" என்றாள். அன்று அவன் நல்ல மனநிலையில் இருந்தான். "போட்டுட்டாப் போச்சு. சத்தியம்" என்றான்.

நம்பினாள். அதனால்தானோ என்னவோ, அந்தப் புது இயர்போன் அவள் கையில் அப்படி அமைந்தது. ஒரு காதுக்கு ஒன்பது பொடி ஸ்பீக்கர்கள். ஒன்பதும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல் பாடின. முடித்த அன்று அவளே கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

பெட்டி அச்சுக்குப் போகவேண்டிய நேரத்தில் பெய்லுங் கொஞ்சம் இழுத்தான். "ஞாயித்துக்கிழமை கண்காட்சி முடியட்டும். தெங் வாத்தியார் கேட்டுட்டு என்ன சொல்றார்னு பாப்போம். அவர் நல்லா இருக்குன்னுட்டா, அன்னிக்கே உன் பேரோட அச்சுக்கு அனுப்பிடறேன்" என்றான். தெங் வாத்தியார் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. இயர்போன்களைக் கேட்டு வீடியோவில் தீர்ப்புச் சொல்கிறவர். அவர் 'விஷம்' என்று சொன்னால் வாங்காமல் இருக்க முடியாது என்று அர்த்தம். மறுநாளே சரக்குத் தீர்ந்துவிடும். அவர் உதட்டைப் பிதுக்கினால் கடையை மூடவேண்டியதுதான்.

ஞாயிறு காலை சாமான்களைக் கட்டும்போது பெய்லுங் தன்னுடைய வால்வு ஆம்பை எடுத்துப் பைக்குள் வைத்தான். பாட்டைப் பெருக்கி இயர்போனுக்குக் கொடுக்கிற உள்ளங்கை அளவு பித்தளைப் பெட்டி, மேலே இரண்டு கண்ணாடி வால்வுகள், போட்டால் ஆரஞ்சு நிறத்தில் கனியும். அவர்களுடைய முதல் மாடலை அதில்தான் எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். அது ஒற்றை ஸ்பீக்கர் மாடல். எந்த ஆம்பில் செருகினாலும் பாடும்.

"அது வேண்டாம்" என்றாள் சுவேயின். "இந்த ஒன்பது ஸ்பீக்கருக்கும் அதுக்கும் ஒத்துக்காது. குட்டி வால் போதும், நான் எடுத்து வெச்சிருக்கேன்."

ஃபோனின் அடியில் செருகினால் வால் மாதிரித் தொங்குகிற கட்டைவிரல் நீளக் கருவியைத்தான் அங்கே குட்டி வால் என்பார்கள். ஃபோனிலிருந்து பாட்டை வாங்கி, ஒலியாக மாற்றி, இயர்போனுக்குக் கொடுக்கும். பார்க்க ஒன்றுமே இருக்காது.

"குட்டி வாலை வெச்சு வீடியோ எடுத்தா எவன் பாப்பான்? இது வெச்சா மேசையே ஜொலிக்கும்."

"கேக்கிறதுக்குத்தானே வராங்க?"

"அம்மா தாயே, நீ பத்தவைக்கிற வேலையப் பாரு. சபையை நான் பாத்துக்கறேன்."

கண்காட்சி ஒரு ஓட்டலின் விருந்து மண்டபத்தில். மேசைக்கு மேசை கூட்டம். ஆளாளுக்குத் தன் ஃபோன், தன் கம்பி, தன் காதுக்கு ஏற்ற ரப்பர் குமிழ்கள் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கூட்டத்திலும் பேச்சுச் சத்தம் கம்மி. பெய்லுங்கின் மேசையில் வால்வுகள் கனிந்தன. அதைப் படம் எடுக்கவே நாலு பேர் நின்றார்கள்.

முதலில் கேட்டவன் இயர்போனைக் கழற்றிக் குமிழைத் துடைத்துவிட்டு மறுபடி செருகினான். அடுத்தவன் "பாட்டை மாத்துங்களேன்" என்றான். மூன்றாமவன் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். சுவேயின் எழுந்து குட்டி வாலை நீட்டினாள். "வாத்தியார் வர்ற நேரம், சும்மா இரு" என்று பெய்லுங் பல்லைக் கடித்தான்.

தெங் வாத்தியார் வந்தார். குட்டையான மனிதர், நெற்றிவரை தொப்பி. பின்னாலேயே கேமராக்காரர், அதற்குப் பின்னால் ஒரு பட்டாளம். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தார், செருகினார், கண்ணை மூடினார். பாட்டுப் பாதிகூடப் போகவில்லை, கழற்றிவிட்டார்.

"லுங் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாடுறவ மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு. மேல் ஸ்தாயில காத்தே இல்ல. கீழ பேஸ் எங்க? சாப்பிடப் போயிருக்கா?"

பட்டாளம் கொல்லென்று சிரித்தது. பெய்லுங்கின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் தானும் ஒருமுறை செருகிக் கேட்டான். என்ன கேட்டானோ! காதில் என்ன விழுகிறது என்று அவனுக்கே தெரியாது, கூட்டம் சிரிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கழற்றி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"வாத்தியாரே, உங்ககிட்ட மறைப்பானேன். இதை நான் பண்ணலை. வீட்டுக்காரி ரொம்ப ஆசைப்பட்டா, போனாப் போகுதுன்னு விட்டுக்கொடுத்தேன். இதுக்கு ஒலி அமைச்சது பூரா சுவேயின்தான். இதோ நிக்கிறா பாருங்க. சுவேயின்!"

கேமரா அவள் பக்கம் திரும்பியது.

இத்தனை வருஷத்தில் அவன் வாயால் சபையில் அவள் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் எப்படி? தீய்ந்த சோற்றுக்குப் பொறுப்பாளி தேடும்போது வருகிற பேர் மாதிரி. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தரை பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, நான் ஏன் உள்ளே போகவேண்டும், இவன் போகட்டுமே என்றும் நினைத்தாள்.

"அண்ணியா? அதானே பாத்தேன்!" என்றார் வாத்தியார். "அண்ணி, சமையல் நல்லா பண்ணுவீங்களாமே?" பட்டாளத்துக்கு இன்னொரு சிரிப்பு.

அவளைச் சொன்னால் பொறுத்துக்கொண்டிருப்பாள், பழக்கம்தானே. இயர்போனைச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அது ஒரு பாவமும் அறியாதது. அவள் குனிந்து வால்வு ஆம்பிலிருந்து கம்பியை வெடுக்கென்று பிடுங்கி, தன் ஃபோனில் தொங்கிய குட்டி வாலில் செருகினாள். அதே பாட்டைப் போட்டாள்.

"வாத்தியாரே, ஒரே ஒரு தடவை. இதுல கேளுங்க. அப்பறம் திட்டுங்க."

பாவம் பார்த்துத்தான் வாங்கிச் செருகினார். கண்ணை மூடினார். முகத்திலிருந்த கிண்டல் கொஞ்சங்கொஞ்சமாய் வடிந்தது. பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டும் ஓடியது. கேமராக்காரர் அவர் தோளைத் தொட்டபோது, தொந்தரவு செய்யாதே என்று கையை ஆட்டினார். ஒருவழியாகக் கழற்றியபோது கண் ஓரம் ஈரம்.

"விஷம்" என்றார். "சுத்த விஷம். இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதை?"

சுவேயின் வால்வு ஆம்பைக் காட்டினாள். "அது ஒண்ணுமில்ல வாத்தியாரே. அந்த ஆம்ப் வாசல்லயே மின்தடை ஜாஸ்தி. ஒத்தை ஸ்பீக்கர்னா தெரியாது. ஒன்பது இருக்கும்போது ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு..."

"பாத்தீங்களா!" என்று பெய்லுங் கை தட்டினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. "பாத்தீங்களா, இல்லையா? இதைத்தான் நான் காட்டணும்னு நெனச்சேன்! பளபளப்பைப் பாத்து மயங்காதீங்க, எந்த ஆம்புக்கு எந்த இயர்போன்னு பாருங்கன்னு வாயால சொன்னா எவன் கேக்கறான்? அதான் ஒரு சின்ன நாடகம்!"

"அப்ப அண்ணிதான் பண்ணாங்கன்னு சொன்னது?" என்றார் வாத்தியார்.

"அதுவும் நாடகந்தான்! இல்லேன்னா நான் இப்படியா பண்ணுவேன்னு உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்காதா? இவ எங்க ஒலி அமைக்கிறது! பத்தவைக்கிறதுல கெட்டிக்காரி, அவ்வளவுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவன் பூசணித் தோட்டத்தையே மறைத்தான். ஜனங்கள் கை தட்டினார்கள். "படுபாவி, எங்க காதையே பரீட்சை பண்ணிட்டீங்களே அண்ணே!" என்று தெங் வாத்தியார் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். தங்கக் காது, தங்கக் காது என்று நேரலையில் எழுத்துகள் ஓடின. பட்டாளத்தில் ஒருவன் சுவேயினைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, "அண்ணி, சூப்பரா நடிச்சீங்க!" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். இல்லை, நான் நடிக்கவில்லை, எல்லாம் நான் செய்தது என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் சொன்னால் அதையும் நாடகத்தின் அடுத்த காட்சி என்று அல்லவா கை தட்டுவார்கள்? அந்த மண்டபத்தில் அவ்வளவு காதுகள் இருந்தன, அவளைக் கேட்க ஒன்றுகூட இல்லை. வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுதும் வரிசையில் வந்தவர்களுக்குக் குட்டி வாலைச் செருகிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மெட்ரோவில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பெய்லுங் ஃபோனில் வாழ்த்துகளைப் படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"பெட்டிக்கு என் பேரு?" என்றாள்.

"அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்." ஃபோனைத் தாழ்த்தினான். "போடணும்னுதான் நெனச்சேன். சத்தியமா. ஆனா இன்னிக்கு ஊர் முன்னாடி நான்தான் பண்ணேன்னு ஆயிடுச்சு. இப்பப் போய் உன் பேரைப் போட்டா என்னை என்னன்னு சொல்லுவாங்க? பொய்யன்னு சொல்ல மாட்டாங்க?"

"நீ பொய்யன் இல்லையா?"

"மெதுவாப் பேசு. ஆளுங்க பாக்கறாங்க." அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான். "உனக்குக் கோவம், எனக்குத் தெரியும். உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஆனா சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும். அதான் திட்டத்தை உங்கிட்டக்கூட சொல்லலை."

"எந்தத் திட்டம்?"

"வால்வு ஆம்ப் திட்டம்தான். காலையில நீ அது ஒத்துக்காதுன்னு சொன்னே பாரு, அப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு. முதல்ல மோசமாக் கேக்கவெச்சு, அப்பறம் நல்லாக் கேக்கவெச்சா, சபையே அசந்துபோகும்னு."

சுவேயின் அவனைப் பார்க்கவில்லை, கேட்டாள். பெய்லுங் பொய் சொல்லும்போது அவன் குரல் ஒரு நூல் மேலே ஏறும். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத்தான் ஏறும், அவளுக்குத் தெரியும். சத்தியம் என்று அவன் அன்று சொன்னபோதும் ஏறியது. ஆசையில் அதைக் கேளாததுபோல் இருந்துவிட்டாள். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஏறவில்லை. சமதரையில் நடக்கிற மாதிரி நிதானமாகப் போயிற்று அந்தக் குரல். அடப்பாவி, இவன் நம்புகிறான்! அப்படித்தான் நடந்தது என்று மனசாரவே நம்புகிறான். பொய்யனோடாவது சண்டை பிடிக்கலாம். இவனோடு என்ன பிடிப்பது?

அவன் அச்சகத்துக்குச் செய்தி அனுப்பினான். பழைய பேரே இருக்கட்டும், நாளைக்கே அடிக்க ஆரம்பிக்கலாம் என்று. அனுப்பிவிட்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

"சரி, இந்த ஆம்ப் வாசல்ல மின்தடைன்னு ஏதோ சொன்னியே, அது என்ன? நாளைக்கு நேரலையில வாத்தியாரோட உக்காரணும். எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சுவேயின். "திட்டம் போட்டது நீதானே."

அவன் பலமாகச் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஏய், விளையாடாத. சொல்லு" என்றான். கெஞ்சினான். இறங்கவேண்டிய நிலையம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் கேட்டான்.

அவள் சொல்லவில்லை. அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.