ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு பெயர்

1

பீப்! பீப்!

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது. அதே நொடி, சாலையோரம் எழும்பிக்கொண்டிருந்த லாட்ஜின் ஐந்தாவது மாடியில் ஒரு பெண் அலறினாள். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான்: 1997, காரைக்குடி, ஜன்னலோர இருக்கை. (போக வேண்டிய வலையபட்டிக்குப் போகவில்லை. குதித்து இறங்கி ஓடினேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்தக் கிரேனின் இரும்புக் கை, விதியின் கையைப் போல—'

அடித்துவிட்டேன். விதிக்கு இதில் வேலையே இல்லை.

கிரேன் தரையில் நிற்கிறது. ஓட்டுகிறவர் சோணை. கம்பிக்கட்டு இறங்கும் இடம் அவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே நின்று விசில் கொடுப்பவள் அவர் மனைவி அம்மாக்கண்ணு. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் தூக்கு. எல்லோருக்கும் தெரிந்த பஸ் கணக்குதானே என்று அதையே வைத்துக்கொண்டார்கள். வாசலிலேயே பஸ் நிறுத்தம் இருப்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று அவள் கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கண்டக்டரின் விசிலுக்குக் கொக்கி எழும்பியது. வளையல்கள் நொறுங்கின. கை தப்பியது.

(கை போயிருந்தால் கதை சூடாக இருக்கும் என்பார் பத்திரிகை ஆசிரியர். மாட்டேன். நான் அவளைப் பார்த்துவிட்டேன்.)

3

மறுநாளே எஞ்சினியர் ஆரோக்கிய ஷீலா விசிலைப் பிடுங்கிக்கொண்டு மூன்று வாக்கி-டாக்கிகளைக் கொடுத்தார். மேலே ஒன்று, கிரேனில் ஒன்று, பின்பக்கம் செங்கல் ஏற்றும் வின்ச்சில் அருள்முருகனுக்கு ஒன்று.

"ஏங்க, தூக்குங்க," என்றாள் அம்மாக்கண்ணு.

கிரேனும் தூக்கியது. வின்ச்சும் தூக்கியது.

"அண்ணே, நீங்க எதுக்குத் தூக்குனீக?" என்றார் ஷீலா.

"எங்க வீட்டுலயும் என்னைய 'ஏங்க'ன்னுதான் கூப்புடுறாக, மேடம்," என்றார் அருள்முருகன்.

சட்டம் பிறந்தது: பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் லீவரைத் தொட வேண்டும்.

"கட்டுன புருசன் பேரையா? காளையார்கோவில்ல அர்ச்சனைக்கே, மகனைக் காட்டி 'இவன் அப்பாவுக்கு'ன்னுதான் சொல்லுவேன் மேடம்."

"அப்ப மேல வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

அம்மாக்கண்ணு வாக்கி-டாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது அவள் வேலை.

4

முடிவு அ: வேறு ஆள் வருகிறார். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: 'கிரேன்' என்று கூப்பிட்டால் போதாதா? நீங்கள் கேட்பதற்கு முன்பே நான் கேட்டேன். ஷீலாவும் சரி என்றுவிட்டார். சோணைதான் ஒப்பவில்லை. "நாளைக்கு இன்னொரு கிரேன் வந்துச்சுன்னா?" என்றார், ரொம்பப் பொறுப்பாக.

முடிவு இ: எழுதத் தொடங்கினேன். அவள் உதட்டைக் கடித்து, கண்ணை மூடி—

இல்லை. அவள் மேலே இருந்தாள். நான் கீழே, கிரேன் பக்கத்தில். முகத்தை நான் பார்க்கவே இல்லை. குரல் மட்டும் வந்தது, மணி அடித்தது போல, அத்தனை தெளிவாக:

"சோணை... தூக்குங்க."

வின்ச் அசையவில்லை. கலவை போடுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கம்பிக்கட்டு எப்போது எழும்பியது, மேலே அவள் சிரித்தாளா, முறைத்தாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சோணை வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"பேரு மட்டும் சரியாக் கேக்கலை. இன்னொருக்கச் சொல்லு."