பாதி மிதித்த பெடல்

அந்த மெக்கானிக்கைத் தெருவே 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். அவனுடைய காரில் பந்தயக் கிளட்சைப் பொருத்திவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னார்:

"எண்ணூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளயே மெதுவா ஓட்டு, சிக்னல்ல நின்னு நின்னு. அப்பதான் கிளட்ச் தட்டு படியும். கடகடன்னு சத்தம் வரும், அது அதோட குணம். சத்தம் பொறுக்கலன்னு கிளட்ச் பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டினே, தட்டு கருகிப் பளபளன்னு ஆயிடும். அப்புறம் பிடிக்கவே பிடிக்காது."

அவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் ஓட்ட நினைத்திருந்த மலைப்பாதைக் கார்ப் பந்தயத்தில் நாற்பது வயதானவர்களைச் சேர்க்கமாட்டார்கள். பத்து வாரத்தில் பந்தயம், அதற்கு அடுத்த மாதமே அவனுக்கு நாற்பது பிறக்கிறது. பதினைந்து வருட ஆசைக்கு இந்த ஒன்றுதான் மிச்சம்.

எண்ணூறு கிலோமீட்டருக்கு வழி வீட்டிலேயே இருந்தது. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. போக வர இருபத்தெட்டு கிலோமீட்டர், வழியெல்லாம் சிக்னல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

போகும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போதுதான் வினை. ஊசி குத்திய கையை மடியில் வைத்து, வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பாள் அக்கா. சிக்னலில் நின்றால் ஆணி போட்ட டப்பாவைக் குலுக்கியதுபோல் கடகடக்கும். நகர்ந்தால் வண்டியே உதறும்.

"மண்டையிலேயே அடிக்குதுடா. என்ன வண்டியோ!"

பெடலைப் பாதி மிதித்தான். சத்தம் அடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் அவன் காலை எடுக்கவில்லை. இன்றைக்கு ஒருநாள்தானே என்றிருந்தான். அந்த ஒருநாள் பத்து வாரம் நீண்டது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், கிளட்ச் எம்மாத்திரம்?

பந்தயத்துக்கு முதல்நாள் காலை, டாக்டர் பக்கத்தில் உட்கார, காலிச் சாலையில் முதன்முறையாக ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தினான். இன்ஜின் அலறியது. வண்டி என்னவோ பந்தி முடிந்து எழுந்தவனைப்போல் சாவகாசமாக நகர்ந்தது. கருகல் நாற்றம் வந்தது.

"நிறுத்து" என்றார் டாக்டர். "பெடல்ல கால் வெச்சு ஓட்டினியா?"

"அக்காவுக்குத் தலைவலி..."

வாய்வரை வந்த வசவை டாக்டர் விழுங்கிக்கொண்டார். "புதுத் தட்டு போடலாம்ப்பா. அதுக்கும் எண்ணூறு ஓட்டணுமே. பந்தயம் நாளைக்கு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அவனுக்கு ஒரு நிமிடம் அக்காமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிடமே வெட்கமாகிப்போனது.

மதியம் ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஏற்றிக்கொண்டான். சிக்னலில் வண்டி நின்றது. இனிமேல் காப்பாற்ற என்ன இருக்கிறது? வழக்கம்போல் பெடலை மிதித்தான்.

"முதல்ல என்னமா கத்துச்சு! இப்பல்லாம் சத்தமே வர்றதில்ல பாரு" என்றாள். வெளுத்த முகத்தில் சிரிப்பு. "நல்லாப் பழகிடுச்சுடா. நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. ஓரமா உக்காந்து நீ ஓட்டறதை ஒருதரம் பாத்துடறேன். அடுத்த வருஷம் நான் எங்கேயோ."

"ஆமாக்கா, பழகிடுச்சு" என்றான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.